முதலில் மூணு வரி

“சித்தப்பா, வேலூர்ப் புரட்சி பத்தி ரெண்டு பக்கம் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நாளைக்குக் கொடுக்கணும்.” ராத்திரி ஒன்பதரைக்கு இப்படி ஒரு செய்தி. முன்பெல்லாம் எழுதியே கொடுத்துவிடுவேன் (தப்பு என்னுடையதுதான்). இப்போது, “நீ தேடினதுல கிடைச்சதை மூணு வரி எழுதி அனுப்பு” என்கிறேன்.

பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அண்ணன் மகன் 1806 ஜூலை 10 என்ற தேதியும், ‘புதுத் தலைப்பாகையை எதிர்த்துச் சண்டை’ என்றும் எழுதியிருந்தான். சரி, வேலூர்க் கோட்டைக்குள் அப்போது யாரைக் காவலில் வைத்திருந்தார்கள் என்று பார் என்றேன். திப்புவின் பிள்ளைகள் என்று அவனே கண்டுபிடித்துப் பதினோரு மணிக்குப் போன் அடித்தான்!

அவகாசம் இருந்தால் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு நோட்டோடு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை.