தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை

போன வாரம், புதிதாகச் சேர்ந்த தொழில் ஆலோசகர் ஒருவர் வெளிநாட்டு மாணவியோடு பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நாற்பது நிமிடத்தில் அந்த மாணவி பேசியது நாலு வரி. வெளியே வந்ததும், "நல்லா போச்சு சார்" என்றார் ஆலோசகர். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரெஸ்யூமேயைப் படிக்காமல் உட்காருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆலோசகர்கள் நாம் தவறென்றே தெரியாமல் செய்பவற்றைத்தான் சொல்கிறேன்.

மௌனத்தை நிரப்புவது

இன்னும் என்னை உறுத்துவது இதுதான். வேறொரு மாணவர், அமெரிக்காவில் சிவில் இன்ஜினியரிங் படிக்க வந்தவர். "அடுத்து என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்றேன். ஜன்னலைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "டேட்டா பக்கம் போனா விசா ஸ்பான்சர் கிடைக்கும், சரிதானே?" தலையாட்டினார். 'டேட்டா' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

படிப்பு முடிந்து ஓபிடி (படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி) தொடங்கியது. அந்த 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்க மொத்தமே 90 நாள்தான் அனுமதி. 61-ஆம் நாள் வந்து நின்றார். ஒரு இன்டர்வியூ அழைப்புகூட வரவில்லை. அன்றைக்குத்தான் நான் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தேன். சொந்த நாட்டில் மூன்று வருடம் குடிநீர்க் குழாய்ப் பணியில் சைட் இன்ஜினியராக இருந்திருக்கிறார்! முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேட்கலையே. பெரியவங்க சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை" என்கிறார். கரைந்த 61 நாளை யார் திருப்பித் தருவது?

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளுகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே வகுப்பறைகளில் கண்டு எழுதினார். வேற்று மொழியில் யோசித்துப் பேசுகிறவருக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? நான் மேஜைக்கு அடியில் விரல்விட்டுப் பத்துவரை எண்ணுகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும்.

'சரிதானே?' என்று முடியும் கேள்வி

கேட்காதீர்கள்.

"என்ன ஆகணும்?" என்று தொடங்குவது

மனப்பாடப் பதில்தான் வரும். தொழில் ஆலோசனையில் பெயர்பெற்ற மார்க் சவிக்காஸ், வளரும் வயதில் யாரைக் கண்டு வியந்தீர்கள் என்று தொடங்குவார். அப்போது கதை வரும். அந்த ஆளிடம் எது பிடித்தது என்று அடுத்துக் கேட்டால், மாணவர் தன்னைப் பற்றியே பேசத் தொடங்கியிருப்பார்.

விசா விதியை நீங்களே விளக்குவது

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

வீட்டை மறந்துவிடுவது

எதிரே உட்கார்ந்திருப்பது ஒருவர். முடிவெடுப்பது பல நேரம் நாலு பேர், கூடவே படிப்புக் கடன். "இதை வீட்டில் யாரிடம் முதலில் சொல்லணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, எண்ணத் தொடங்குங்கள்.