கொட்டகையில் நிற்கும் ஹெரால்டை ஏற்காடு ஏற்றுவது எப்படி?

டொயோட்டாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் செலிகா திரும்பி வருமா, நிசானின் சில்வியா திரும்பி வருமா என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்புகிறது. அப்படி வந்தாலும் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வரும் என்று நான் நம்பவில்லை. பின்சக்கரம் தள்ளும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அதிகச் செலவில்லாமல் மீட்டெடுக்க நினைக்கும் சேலத்துக்காரர் தேட வேண்டியது, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை. அந்தக் குடும்ப வண்டியையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்கள் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிக் கட்டியதுதான்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்டார்ட் ஆகிறதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 948 சிசி எஞ்சினை நல்ல லேத் பட்டறை எதுவும் சரிசெய்து கொடுத்துவிடும். முதலில் தரையில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். ஹெரால்டின் பாடி பாகம் பாகமாகச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது, கூரையைக்கூடக் கழற்றிவிடலாம். ஆகவே மேலே எவ்வளவு துரு இருந்தாலும் டிங்கரிங்கில் ஒப்பேற்றலாம், ஆனால் நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்டால், விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது முன்சக்கரங்களின் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி, அடியில் உள்ள பித்தளைக் கட்டைக்குள் மரையில் சுழல்கிறது. அந்தக் கட்டைதான் டிரன்னியன். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். என் வண்டியை முன்பு பார்த்த பட்டறையில் ஆண்டுக்கணக்கில் கிரீஸ் அடித்திருந்தார்கள். கழற்றியபோது அது காய்ந்த மெழுகு போல மேலேயே அடைத்து நின்றது. அடி மரையில் தண்ணீர் இறங்கி, செங்குத்துக் கம்பி பென்சில் சீவினாற்போல் தேய்ந்திருந்தது. இந்தக் கம்பி முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது, அதாவது கொண்டை ஊசி வளைவில்தான். எனவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கம்பியையும் கட்டையையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

எஞ்சினுக்கு வருவோம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்த பிறகு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது, அது பழைய ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதால், பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகடான டயாஃபிரத்தையும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். பிரேக்கில் வீல் சிலிண்டர், ஹோஸ், ஆயில் மூன்றுமே புதிதாக இருக்கட்டும்.

ஆர்.சி. விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு 2021இல் வந்த விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவு பெறலாம். அது 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த எண்ணோடு கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் இறங்க முடியும். ஞாயிறுதோறும் மலையேற ஆசைப்படுபவர் வழக்கமான பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வருவதே மேல்.

இனி ஏற்காடு மலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டின் முன்சக்கரங்கள் மற்ற கார்களைவிட அதிகம் திரும்புவதால், ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் வண்டி முழு வட்டமடித்துவிடும். எதிரே பஸ் வந்தாலும் பதற வேண்டியதில்லை. ஆனால் கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் ஃபர்ஸ்ட் கியரில் கிடையாது. ஆகவே வளைவின் நடுவில் எஞ்சின் திணறிய பிறகு ஃபர்ஸ்ட் போட முயன்றால் பல் நறநறக்கும். வளைவுக்கு முன்பே டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் மிதித்து, ஃபர்ஸ்டுக்கு இறக்கிவிட வேண்டும்.

இறங்கும்போதுதான் இந்த வண்டியின் குணம் தெரியும். பின் ஆக்சில்கள், இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டிய மூட்டில் மட்டுமே அசைபவை என்பதால், வேகமாக வளையும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் அடித்தாலோ பின்பக்கம் எழும்பி, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடிந்து வால் வீசிவிடும். நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, செகண்ட் கியரில் நுழைந்து, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தபடியே வளைவைக் கடக்க வேண்டும். முன் டயரைவிடப் பின் டயரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று இருக்கட்டும்.

அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, தொட்டுவிடாமல் கையை அருகே மட்டும் கொண்டுபோய் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களின் சூட்டையும் பாருங்கள். இடது வலது ஜோடியில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த ஞாயிறு மலையேறாதீர்கள்.