ஹெட்லைட் கவரில் துளை போடும் முன்

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் காருக்கு ஹெட்லைட் கவரை நீங்களே வெட்டுவதாக இருந்தால், முதலில் அட்டையில் வெட்டி பாடியில் வைத்துப் பாருங்கள். அட்டை வீணானால் பரவாயில்லை. கவருக்கான பிளாஸ்டிக் ஷீட்டில் அக்ரிலிக் பளபளக்கும், ஆனால் துளை போடும்போது சட்டென்று விரிசல் விடும். என் ஓட்டு பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்குத்தான். அதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் மஞ்சளித்துவிடும்.

5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 6.5 மி.மீ. துளை போட்டு, ரப்பர் வாஷர் வையுங்கள். வெயிலில் ஷீட் விரியும். நகர இடமில்லாவிட்டால் துளையோரத்தில் முடி போல விரிசல் ஓடும். ஸ்க்ரூவை இறுக்கிப் பிழியவும் வேண்டாம். அப்புறம், அடியில் சின்னதாக ஒரு காற்றுத்துளை விட்டால் உள்ளே ஈரம் பூக்காது.

கவர் மாட்டியபின் சுவரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சாய்வான கவர் ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும்.