மாட்ரிட் நகரில் நல்ல ஹமோன் வாங்குவதற்கு

மாட்ரிட்டில் புதிதாகக் குடியேறும் நம்மவர்களில் பன்றி இறைச்சி உண்பவர்கள், கடைகளின் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் ஹமோனை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகளைக் கண்டு, எதை வாங்குவது என்று தெரியாமல் திகைப்பது இயல்பே. எந்தக் கடை என்று விசாரிப்பதற்கு முன், கணுக்காலருகே மாட்டியிருக்கும் நெகிழி முத்திரையின் நிறத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டின் அரசாணைப்படி, கலப்பில்லாத இபேரிக்கோ இனத்தைச் சேர்ந்து, ஓக் மரக் காய்களைத் தின்று கொழுத்த பன்றியின் தொடைக்குக் கருப்பு முத்திரையும், அதே தீனி தின்ற கலப்பினத்திற்குச் சிவப்பும், மேய்ச்சலோடு தானியத் தீவனமும் பெற்றதற்குப் பச்சையும், பண்ணைத் தீவனத்திலேயே வளர்ந்ததற்கு வெள்ளையும் இடப்படுகின்றன. கருப்பின் விலை கையைச் சுடும். அன்றாட ரொட்டிக்கு, பெரும்பாலும் வெள்ளைப் பன்றியிலிருந்து செய்யப்படும், இந்த நிறமுறைக்குள் வராத செர்ரானோ என்னும் ஹமோன் வகையே போதும். பலேத்தா என்பது முன்னங்கால். விலை குறைவு, ஆனால் எலும்பு அதிகம்.

சாலமாங்கா பகுதியிலுள்ள மெர்காதோ தெ லா பாஸ், குவாத்ரோ காமினோஸ் அருகிலுள்ள மரவியாஸ் ஆகிய சந்தைகளில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாடிக்கையாக வாங்கும் கடைகளை நான் முதலில் சொல்வேன். மாயோர் சதுக்கத்தை ஒட்டிய சான் மிகேல் சந்தை, நின்றபடி ருசித்துவிட்டுப் போகும் பயணிகளுக்கு உரியது. வீட்டுச் சாமான் வாங்க அங்கே போக வேண்டியதில்லை. சந்தைக் கடைக்குச் சென்றதும், எண்ணிட்ட சீட்டு தரும் இயந்திரம் இல்லாவிட்டால், கடைசியாக நிற்பவர் யார் என்று கேட்டுவிட்டு அவருக்குப் பின் நிற்பது இவ்வூர் வழக்கம். கேட்காமல் முன்னே போனால், மூதாட்டிகள் விட்டுவைக்க மாட்டார்கள்.

முழுத் தொடை ஏழெட்டுக் கிலோ இருக்கும். அதற்கென்று தாங்கியும் நீண்ட கத்தியும் வேண்டும். வெட்டத் தொடங்கிவிட்டால் தாமதிக்காமல் தின்று தீர்க்கவும் வேண்டும். ஆகவே இருவர் மட்டுமுள்ள வீட்டிற்கு அது வேண்டாம். நூறு கிராம் மட்டும், இயந்திரத்தில் அல்லாமல் கத்தியால் சீவித் தரச் சொல்லுங்கள். "சியென் கிராமோஸ், ஆ குச்சியோ" என்றால் புரிந்துகொள்வார்கள். காற்று நீக்கிய பொதியாகக் கட்டித் தந்தால் குளிர்பெட்டியில் வைத்திருந்து, உண்பதற்கு அரைமணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். கொழுப்பு இளகாத ஹமோனில் மணமே எழாது. இறைச்சியின் நடுவே காணும் வெண்புள்ளிகளைப் பூஞ்சை என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். நெடுநாள் பதப்பட்டதால் படிந்த டைரோசின் படிகங்களே அவை.

நல்ல ஹமோனைக் குழம்பிலோ வறுவலிலோ போடுவது வீண். சமையலுக்கு அதன் எலும்பை அதே கடைகளில் துண்டுகளாக அறுத்து மலிவாக விற்கிறார்கள். இவ்வூரார் கோசிதோ என்னும் இறைச்சிக் குழம்புக்குச் செய்வதுபோல் கொண்டைக்கடலையோடு வேகவைக்கலாம், ஆனால் எலும்பிலேயே உப்பு ஏறியிருப்பதால் கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்புப் போட வேண்டும்.