தீராப்பசி இருக்குற குழந்தைக்கு ஹிப்னோதெரபியா? நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க

என் அக்கா பையனுக்கு அப்ப ஒன்பது வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு பிரிட்ஜ் வெளிச்சம் தெரியுதேன்னு எந்திரிச்சு போய் பாத்தா, தரையில சம்மணம் போட்டு உக்காந்து இட்லி மாவை கையால அள்ளி அள்ளி சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், புளிச்ச மாவு, முழங்கை வரைக்கும் வழியுது. திட்டவும் மனசு வரல, பாக்கவும் முடியல. அடுத்த வாரமே அக்கா ஒரு ஹிப்னோதெரபிஸ்ட்கிட்ட, அதான் அரைத்தூக்கம் மாதிரி நிலைக்கு கொண்டு போய் மனசுல யோசனையை விதைக்கிறவர்கிட்ட, அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டா, ஆறு சிட்டிங், பணம் முன்னாடியே கட்டணும்.

முதல் தப்பு, நோய்க்குப் பேர் என்னன்னே தெரியாம போனது. பொறந்தப்ப அவன் துணி மாதிரி துவண்டு கிடந்தான், பால் உறிஞ்ச தெம்பில்ல, பாலாடையிலதான் ஊத்துனோம். மூணு வயசுக்கு மேல வெயிட் ஏற ஆரம்பிச்சதும் அப்பாடா தேறிட்டான்னு சந்தோஷப்பட்டோம், அம்மா வேற வளர்ற புள்ள சாப்பிடட்டும்டின்னு கூட ரெண்டு தோசை வைப்பாங்க. இந்த ரெண்டையும் யாருமே சேத்து பாக்கல. சேத்து பாத்த டாக்டர்தான் பிராடர்-வில்லி சிண்ட்ரோமா இருக்கலாம்னு சொல்லி டிஎன்ஏ மெத்திலேஷன் டெஸ்ட் எழுதி குடுத்தாரு, ஒரு பிளட் டெஸ்ட்தான், இந்த நோய் இருந்தா 99 சதவீதத்துக்கு மேல காட்டிக் குடுத்துடும். 15வது குரோமோசோம்ல அப்பாகிட்ட இருந்து வர்ற ஒரு பகுதி இல்லாம போறதாலயோ வேலை செய்யாததாலயோ வர்றது. அப்பான்ற வார்த்தை காதுல விழுந்ததும் சொந்தக்காரங்க மாமாவை பாத்த பார்வை இருக்கே! அவர் மேல ஒரு தப்பும் இல்ல, பெரும்பாலும் தற்செயலா நடக்குறது.

விடாத பசிக்கு இது ஒண்ணுதான் காரணம்னும் இல்ல. பசியை அடக்குற லெப்டின்ற ஹார்மோனே உடம்புல ஊறாத குழந்தைங்க அபூர்வமா இருக்காங்க, அவங்களுக்கு அந்த லெப்டினையே ஊசியா போட்டா பசி நிஜமாவே அடங்குது. அந்தக் குழந்தையை ஹிப்னாசிஸ் பண்ண கூட்டிட்டு போய் ஒரு வருஷம் போக்குனா எவ்வளவு பெரிய கொடுமை? அதனால முதல்ல குழந்தைங்களுக்கான எண்டோகிரைன் டாக்டர், அதாவது ஹார்மோன் டாக்டர், மத்ததெல்லாம் பின்னாடி.

அடுத்து, மனசை மாத்துனா பசி மாறும்னு நம்புனது. நமக்கு வயிறு நிறைஞ்சா ஹைபோதாலமஸ்னு மூளைக்குள்ள இருக்குற ஒரு சின்ன பகுதி போதும்னு சொல்லிடும், இவங்களுக்கு அந்த இடம்தான் கோளாறு, நாலு இட்லி சாப்பிட்டாலும் சரி நாப்பது சாப்பிட்டாலும் சரி போதும்ன்ற சேதி வராது. ஹிப்னோதெரபியே டுபாக்கூர்னு நான் சொல்ல வரல, காரணம் பிடிபடாத வயித்துவலி, ஊசி பயம் மாதிரி விஷயத்துல குழந்தைங்களுக்கு பலன் குடுத்ததுக்கு ஆராய்ச்சி இருக்கு. ஆனா பிராடர்-வில்லி பசியை அது அடக்குனதுக்கு ஆதாரம் இல்ல. டயட் இருக்குற பெரியவங்களுக்கு விக்கிற வயித்தை சுருக்குற ஆடியோவை போட்டு குழந்தை காதுல ஹெட்போனை மாட்டி விடாதீங்க.

மூணாவதை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். முதல் சிட்டிங்ல பையன் அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டான். பாத்தீங்களா எவ்வளவு ஆழமா போறான்னு தெரபிஸ்ட்டுக்கு ஒரே பெருமை, எங்களுக்கும்தான். கிளாஸ்ல, ஆட்டோவுல, சாமி கும்பிடுறப்பன்னு அவன் எல்லா இடத்துலயும் அப்படித்தான் தூங்குவான்னு எங்களுக்கு அப்ப உறைக்கவே இல்ல. பகல் தூக்கம் இந்த நோயோட அடையாளம், ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றதும் இதுல சகஜம், ராத்திரி தூக்கத்தை கருவி மாட்டி பாக்குற ஸ்லீப் ஸ்டடி எடுத்தப்பதான் அவனுக்கு ரெண்டுமே இருக்குறது தெரிஞ்சுது. இந்த நோய்க்கு குடுக்குற வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டருங்க இந்த டெஸ்ட்டை கேப்பாங்க.

ஆனா உயிருக்கே உலை வைக்கிற தப்புன்னா அது பூட்டை எடுத்ததுதான். மூணாவது சிட்டிங் முடிஞ்சு வந்து இப்பல்லாம் பசிக்கல சித்தின்னு சொன்னான். நாம என்ன கேட்டா சந்தோஷப்படுவோம்னு அவனுக்கு தெரியும், அதை சொன்னான், அவ்வளவுதான். அந்த மாவு சம்பவத்துக்கு அப்புறம் பிரிட்ஜுக்கு போட்டிருந்த பூட்டை நாங்க கழட்டிட்டோம். அந்த ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்களுக்கு வச்சிருந்த பிரியாணியில பாதியை காணோம். இவங்களுக்கு வலி சரியா தெரியாது, வாந்தியும் லேசுல வராது, அதனால அளவில்லாம சாப்பிட்டா இரைப்பை வீங்கி கிழிஞ்சே போற ஆபத்து இருக்கு. வயிறு உப்பி இருந்தாலோ, வாந்தியே எடுக்காத புள்ள திடீர்னு எடுத்தாலோ, சுக்கு கஷாயம் வச்சு குடுத்துட்டு உக்காந்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க. எங்க அதிர்ஷ்டம், அன்னைக்கு ஒண்ணும் ஆகல.

அஞ்சாவது சிட்டிங்ல, நீ மனசு வைக்க மாட்டேங்குறன்னு தெரபிஸ்ட் பையனை சொன்னாரு. வீட்டுக்கு வந்து கையை ரத்தம் வர்ற வரைக்கும் கிள்ளி வச்சிருந்தான், தோலை பிடுங்குற பழக்கமும் இந்த நோயிலேயே உண்டு. ஆறாவதுக்கு நாங்க போகல.

இப்ப சமையல் ரூமுக்கே பூட்டு, சாவி அக்கா தாலிக்கொடியில ஊக்கு போட்டு தொங்குது. இன்னைக்கு என்ன, எத்தனை மணிக்குன்னு காலையிலயே காலண்டர் பக்கத்துல எழுதி ஒட்டிடுவோம், நடுவுல கேட்டா எக்ஸ்ட்ரா கிடைக்கும்ன்ற நப்பாசையே வராத மாதிரி. அளவும் அவன் வயசு பசங்களோடதை விட கம்மிதான், உடம்பு செலவழிக்கிறது கம்மி. பூட்டு கொடுமைன்னு நினைச்சிருந்தேன், ஆனா தூங்கப் போறதுக்கு முன்னாடி பூட்டியாச்சான்னு அவனே கேட்டு உறுதி பண்ணிக்கிறான். தாத்தா சட்டைப்பையில இருந்த கடலைமிட்டாயை ஒழிச்சுக்கட்டதான் ஒரு வருஷம் ஆச்சு, அது தனிக்கதை. மருந்துன்னு பாத்தா, இந்தப் பசிக்குன்னே டயசாக்சைடு கோலின்னு ஒண்ணுக்கு அமெரிக்காவுல 2025 மார்ச்ல நாலு வயசுக்கு மேல குடுக்கலாம்னு அனுமதி குடுத்திருக்காங்க, சுகர் ஏத்துற மாதிரி பக்கவிளைவும் இருக்கு, அதனால உங்க எண்டோகிரைன் டாக்டர்கிட்ட பேசாம தேடி அலையாதீங்க.

இதுக்கு மேலயும் ஊசி பயத்துக்கோ பதட்டத்துக்கோ ஹிப்னோதெரபி பாக்கணும்னா, இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ண கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பாருங்க, போர்டு மாட்டுனவங்க எல்லாம் அந்தப் படிப்பு படிச்சவங்க இல்ல. உள்ள போனதும் இந்த நோயைப் பத்தி தெரியுமான்னு கேளுங்க. பசியை நிறுத்திடலாம், பூட்டை எடுத்துடலாம், ஊசி மாத்திரையை குறைச்சுக்கலாம்னு இதுல எதை சொன்னாலும் பீஸ் கட்டாம எந்திரிச்சு வந்துடுங்க.