பழைய படத்துக்குக் கருத்துச் சொல்ல முன்: கொப்பியைச் சரிபார்க்கும் முறை

பழைய படங்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறைகள் மூன்று. ஆட்கள் தடிப்பாகத் தெரிகிறார்கள், குரல் கீச்சென்று இருக்கிறது, கதை துண்டு துண்டாகப் போகிறது. இவை பெரும்பாலும் படத்தின் பிழையல்ல, கொப்பியினதும் ரி.வி.யினதும் பிழை. வன்னியில் எங்கள் கைகளில் இருப்பவை ஜெனரேற்றரில் டெக் ஓடிய காலத்துக் கசெற்றில் இருந்து எடுத்தவை, தொலைக்காட்சியில் போகும்போது பதிந்தவை, பென் டிரைவில் வீடு வீடாக மாறி வந்தவை. இப்படி ஒரு கொப்பியைப் பார்த்துவிட்டு இயக்குநருக்குத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

முதலில் படத்தின் வடிவத்தைப் பாருங்கள். தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான் வந்தது. அதற்கு முந்திய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அகலத்துக்கு உயரம் 1.37:1, அதாவது ஏறத்தாழ 4:3. 32 அங்குல ரி.வி.யின் திரை சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதில் பழைய படம் 53 செ.மீ. அகலத்துக்குள் நின்று, இரு பக்கமும் 9 செ.மீ. கறுப்பாக இருக்க வேண்டும். திரை முழுக்க நிரம்பியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: படம் மூன்றில் ஒரு பங்கு அகலமாக இழுபட்டிருக்கும், அல்லது தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்கும். சந்தேகமென்றால் நேராகத் தெரியும் வட்டம் ஒன்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். சுவர் மணிக்கூடு, இசைத்தட்டு, வண்டிச் சக்கரம் எதுவும் சரி. அளவுநாடாவால் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். இழுபட்டிருந்தால் றிமோட்டில் 4:3ஐத் தெரியுங்கள். கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. செயலி என்றால் ‘ஏ’ விசையை அழுத்த அழுத்த வடிவம் மாறும். கொப்பி எடுத்தவரே மேலையும் கீழையும் வெட்டியிருந்தால் திருத்த வழியில்லை. வேறு கொப்பி தேட வேண்டும்.

அதே றிமோட்டில் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும். செக்கனுக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) எடுத்த படத்துக்குள் ரி.வி. தானாகச் சட்டங்களை இட்டு நிரப்புவதால், நல்ல ஒளிப்பதிவும் மேடை நாடகத்தை வீடியோ பிடித்தது மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது நீளம். இதைப் பலர் பார்ப்பதில்லை, ஆனால் கதை துண்டுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். இந்தியப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் அடியிலோ மீற்றரிலோ இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீற்றர் ஓடும். 15,000 அடிப் படம் என்றால் 90ஆல் பிரியுங்கள்: 167 நிமிடம். இலங்கை, இந்தியத் தொலைக்காட்சிகளின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை செக்கனுக்கு 25 சட்டம் என்பதால், ரி.வி.யில் இருந்தோ கசெற்றில் இருந்தோ எடுத்த கொப்பி 4 சதவீதம் வேகமாக ஓடும். அப்போது அதே படம் 160 நிமிடத்தில் முடியும், ஒன்றும் வெட்டுப்படவில்லை. 145 நிமிடம்தான் இருந்தால் கால் மணித்தியாலம் எங்கோ போய்விட்டது. முதலில் பலியாவது பாட்டும் நகைச்சுவையும். பாட்டே இல்லாத கொப்பி எல்லாம் வெட்டிய கொப்பி என்றும் எண்ண வேண்டாம். ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாமல் எடுக்கப்பட்ட படம்.

அந்த 4 சதவீதம்தான் குரலையும் கீச்சாக்குகிறது. சுருதி அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். வி.எல்.சி.யில் வேகத்தை 0.96க்குக் குறைத்து, ஒலி அமைப்பில் சுருதியை மாறாமல் வைத்திருக்கும் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ தெரிவையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், குரல் கீச்சாகவே இருக்கும். அந்தக் கால ஒலி ஒற்றைத் தடம். ரி.வி.யின் ‘சரவுண்ட்’ அதைக் குழப்பி வசனத்தைக் கிணற்றுக்குள் இருந்து வருவது போலாக்கும், ஆகவே அதை நிறுத்துங்கள். இரைச்சல் கூடவென்றால் ட்ரெபிளை இரண்டு மூன்று படி இறக்கலாம். மாரியில் தகரக் கூரைக்குக் கீழே வசனப் படம் போட வேண்டாம். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

மூலக் கசெற்றே கிடைத்தால் மூடியைத் திறந்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். இடப்பெயர்வுகளில் ஈரம் பட்டவற்றில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கும். அதை டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது.

வெளிநாட்டுத் தொடர்களின் பைலட்டுகளுக்கு அளவுகோல் வேறு. பைலட் என்பது தொடரை வாங்கலாமா என்று அலைவரிசை முடிவெடுப்பதற்காக எடுத்துக் காட்டும் மாதிரிப் பகுதி. அதனால் ஆட்களை அறிமுகம் செய்யும் வசனம் அதில் கூடுதலாக இருக்கும். அதைக் குறையாக எழுதுவதில் பொருளில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் முதல் பைலட்டை 1965இல் என்.பி.சி. அலைவரிசை நிராகரித்து இரண்டாவதைக் கேட்டது. முதலாவதில் இருந்த முக்கிய பாத்திரங்களில் ஸ்போக் மட்டும்தான் மிஞ்சியது. அந்த இரண்டாவது பைலட்டும் 1966இல் மூன்றாவது பகுதியாகத்தான் ஒளிபரப்பானது. ஒளிபரப்பு வரிசையில் பார்ப்பவருக்கு உடையும் வைத்தியர் பாத்திரமும் திடீரென மாறுவது பிழையாகத் தெரியும். ஆகவே எடுத்த வரிசையைத் தேடி அதன்படி பாருங்கள். பைலட்டோடு நிறுத்தாமல் முதற்பருவத்தின் நடுவில் இருந்து ஒரு பகுதியையும் பார்த்த பிறகே தொடரைப் பற்றி எழுதுங்கள். பைலட்டை மட்டும் பார்த்தவர் பைலட்டைப் பற்றி மட்டும் எழுதலாம்.

படத்தை அதே ஐந்தாறு வருடங்களில், அதே இடத்தில் வந்த படங்களோடு ஒப்பிடுங்கள். யாழ்ப்பாணத்துச் சீதனக் கொடுமையைச் சொன்ன தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’யை (1977) அதே காலத்துக் கோடம்பாக்கப் படத்தோடு வைத்து “விறுவிறுப்பு இல்லை” என்று எழுதினால், அந்தப் படம் செய்ய வந்ததையே பார்க்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் போகும் இடத்தில் விடாமல், இடைவேளை அட்டை வரும் இடத்தில் நிறுத்தி இரண்டு அமர்வாகப் பார்க்கலாம். பாராட்டுகிற, குறை சொல்கிற ஒவ்வொரு காட்சிக்கும் நிமிடக் கணக்கைக் குறித்து வையுங்கள். கருத்தின் முதல் வரியில் கொப்பியின் விபரம் வரட்டும்: “தொலைக்காட்சிப் பதிவு, 4:3, 145 நிமிடம், சான்றிதழ்ப்படி 167, இடைவேளைக்குப் பிறகு இரண்டு பாட்டு இல்லை.”