செய்திக்குள் ஒளிந்திருக்கும் கட்சியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முரசொலி திமுகவின் பத்திரிகை, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது, விடுதலை திராவிடர் கழகத்துடையது. இவற்றில் குழப்பமே இல்லை, தெரிந்துதான் வாங்குகிறோம். தன்னை நடுநிலை நாளேடு என்று சொல்லிக்கொள்கிறவற்றில்தான் சிரமம். அங்கே சாய்வைத் தலையங்கத்தில் தேடாதீர்கள் (அங்கே இருந்தால் அது நேர்மை), செய்திக்குள்ளேயே தேடுங்கள்.

முதலில் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தலைவருக்கும் என்ன வினைச்சொல் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கட்டம் போடுங்கள். கூறினார், தெரிவித்தார் என்றால் ஒன்றுமில்லை. விளக்கினார் என்றால் விவரம் தெரிந்த மனிதர் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்றால் ஏதோ தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர். அப்புறம் மழுப்பினார், புலம்பினார், சமாளித்தார் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒருவர் முழங்குவார், இன்னொருவர் கூச்சலிடுவார். இரண்டு பேரும் பேசியது என்னவோ அதே மாதிரி மைக்கில்தான்.

அடுத்தது, யார் செய்தது என்று கேளுங்கள். 2018 மே 22 தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள், கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி, போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் உயிரிழப்பு. இதை 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்றும் எழுதலாம், '13 பேரைச் சுட்டுக் கொன்றது போலீஸ்' என்றும் எழுதலாம். முதல் தலைப்பில் சுட்டவர் யாரும் இல்லை, துப்பாக்கி தானாக வெடித்த மாதிரி இருக்கிறது. இன்னும் நுணுக்கமான வேலை வரிசையில் நடக்கும். 'வன்முறை வெடித்தது, வாகனங்கள் எரிக்கப்பட்டன, இதையடுத்து போலீசார்...' என்று தொடங்கினால் அந்த 'இதையடுத்து' என்ற ஒரு சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். பொதுமக்கள், போராட்டக்காரர்கள், கலவரக்காரர்கள், சமூக விரோதிகள் என்று அதே கூட்டத்துக்கு நாலு பெயரும் வைக்கலாம். இதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, போலீஸ் வரம்பு மீறியதாக அது சொன்னது. பழைய செய்திகளை எடுத்துவைத்து அதன் பிறகு படித்தால் யார் எதை மென்று முழுங்கினார்கள் என்று நன்றாகவே தெரியும்.

பெயர் வைப்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் 10 சதவீத இடஒதுக்கீடு. 2019-ல் 103-வது அரசியல் சட்டத் திருத்தமாக வந்தது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் செல்லும் என்றது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கானது என்று ஒரு பத்திரிகை எழுதும், உயர்சாதி ஏழைகளுக்கானது என்று இன்னொன்று எழுதும். இரண்டுமே பொய்யில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கு இதில் இடமில்லை என்ற விவரம் முதல் பெயரில் காணாமல் போகிறது, அவ்வளவுதான். இலவச மிக்சியை ஜெயலலிதா ஆட்சியில் 'விலையில்லா மிக்சி' என்றார்களே, அதே வித்தைதான்.

ஆனால் சொல்லை மட்டும் பார்த்து முத்திரை குத்திவிடாதீர்கள். 2021-ல் திமுக ஆட்சிக்கு வந்தபின் 'ஒன்றிய அரசு' என்பது பரவியது உண்மைதான், அதற்காக 'மத்திய அரசு' என்று எழுதுகிறவர்கள் எல்லாம் பாஜக ஆகிவிட மாட்டார்கள், பல வருடப் பழக்கம் அது. 'தமிழகம்' என்பதும் அப்படியே. 2023 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் ரவி 'தமிழ்நாடு' என்பதைவிட அந்தச் சொல்தான் பொருத்தம் என்று பேசியதும் பெரிய சண்டையாகிவிட்டது, அதற்கு முந்தைய நாள் வரை எல்லாக் கட்சிக்காரர்களும் சாதாரணமாகப் புழங்கிய சொல்தான். தலைப்பில் இடமும் மிச்சம்.

குறிகளையும் கவனியுங்கள். சாதனை என்ற சொல்லுக்கு ஒற்றை மேற்கோள் போட்டால் கிண்டல் என்று அர்த்தம். 'கூட்டணி உடைகிறதா?' என்று கேள்விக்குறி போட்டால் கையில் செய்தி இல்லை, ஆசை இருக்கிறது. 'என்று கூறப்படுகிறது', 'அரசியல் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்' என்று வந்தால், அந்த வட்டாரத்தில் நிருபரையும் சேர்த்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குப் பிடிக்காத பத்திரிகையில் செய்வது ரொம்ப சுலபம், பத்து நிமிடத்தில் பக்கம் முழுக்கக் கட்டமாகிவிடும். அதே பேனாவோடு நீங்கள் தினமும் படிக்கிற பத்திரிகையில் உட்காருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டே கட்டம்தான் விழுந்தது. அதே செய்தியை எதிர்முகாம் பத்திரிகையில் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன், ஒன்பது ஆனது.

நேரமே இல்லையா, கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பு பெரும்பாலும் அங்கேதான், ஒரே ஒரு வரியில், விளம்பரத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்.